பூட்டிய கோப்பு எப்படித் திறந்தது? பலர் புழங்கும் லினக்ஸ் சர்வரில் அனுமதி ஓட்டைகள், அறிகுறி வாரியாக

ஒரே சர்வரில் பத்துப் பேர் லாகின் செய்யும் இடத்தில் அனுமதிச் சிக்கல் இரண்டு விதமாக வரும். பார்க்க வேண்டியவருக்கு 'பெர்மிஷன் டினைட்' வரும். பார்க்கக் கூடாதவருக்குத் தாராளமாகத் திறக்கும். முதல் வகைக்கு அடுத்த நிமிடமே புகார் வந்துவிடும். இரண்டாம் வகையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: கோப்பின் மேல் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குப் போகும் வழியைப் பார்க்காமல் விடுவது.

இங்கே சொல்பவை டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் குடும்பம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்; வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

## கை வைப்பதற்கு முன் ஓட வேண்டிய மூன்று கட்டளைகள்

நேம்ஐ -எல் /சர்வ்/கணக்கு/மார்ச்.சிஎஸ்வி
கெட்எஃப்ஏசிஎல் /சர்வ்/கணக்கு/மார்ச்.சிஎஸ்வி
ஐடி

முதல் கட்டளை, வேர் கோப்புறையிலிருந்து கடைசிக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளர், குழு, அனுமதி மூன்றையும் வரிசையாகக் காட்டும். நடுவில் சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இருந்தால் அது எங்கே போகிறது என்பதையும் காட்டும். எல்எஸ் -எல் கடைசிப் படியை மட்டுமே காட்டுவதால் அதை வைத்து முடிவெடுப்பது பாதி ஜாதகம் பார்ப்பது போல. இரண்டாவது, கோப்பில் ஏசிஎல் (பெயர் சொல்லித் தனித்தனியாகத் தரும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) இருந்தால் காட்டும். மூன்றாவது, ஒருவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று காட்டும்; அதை நம் லாகினில் ஓட்டிப் பயனில்லை. சிக்கல் யாருக்கோ அவருடைய ஷெல்லில், அந்த நேரத்தில் ஓட்ட வேண்டும்.

கெர்னல் (லினக்ஸின் உட்கரு) எப்படித் தீர்மானிக்கிறது என்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எளிது. அனுமதியின் மூன்று எண்களும் முறையே உரிமையாளருக்கு, குழுவுக்கு, மற்றவர்களுக்கு; ஒவ்வொன்றும் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிப் போடுவது. கேட்பவர் கோப்பின் உரிமையாளரா? ஆம் என்றால் முதல் எண்ணோடு முடிந்தது. அடுத்த இரண்டையும் கெர்னல் பார்ப்பதே இல்லை. உரிமையாளர் இல்லை, குழுவில் இருக்கிறார் என்றால் நடு எண்ணோடு முடிந்தது. இரண்டும் இல்லை என்றால்தான் கடைசி எண். ஆகவே 604 போட்ட கோப்பைக் குழுவினர் படிக்க முடியாது, ஊரில் மற்ற எல்லாரும் படிக்கலாம். தட்டச்சுப் பிழையில் இப்படி நேர்ந்துவிட்டால், 'குழுவுக்குத்தான் தடை, மற்றவர்களுக்கு எப்படித் திறக்கும்' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

கோப்புறையில் அதே மூன்று எழுத்துக்கு வேறு பொருள். படிக்கும் அனுமதி உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிட. இயக்கும் அனுமதி அதைக் கடந்து உள்ளே போக. எழுதும் அனுமதி பெயர்களைச் சேர்க்க, நீக்க, மாற்ற. அடுத்து வரும் முதல் அறிகுறி முழுக்க இதில்தான் நிற்கிறது.

## அறிகுறி: எழுத அனுமதியே இல்லாத கோப்பை யாரோ மாற்றிவிட்டார், அல்லது அழித்துவிட்டார்

அதிகம் ஏமாற்றும் ஓட்டை இதுதான். கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது கிடக்கும் கோப்புறையில் இருக்கிறது. கண்ணால் பார்க்க, சோதனைப் பயனர் ஒருவரின் கோப்புறையில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராக) ஒரு கோப்பை உருவாக்குங்கள்:

சூடோ டச் /ஹோம்/மாலா/பூட்டு.டிஎக்ஸ்டி
சூடோ சிஎச்மோட் 600 /ஹோம்/மாலா/பூட்டு.டிஎக்ஸ்டி

இப்போது மாலாவின் லாகினில் ஆர்எம் பூட்டு.டிஎக்ஸ்டி என்று கொடுங்கள். எழுதத் தடையுள்ள கோப்பு, நீக்கவா என்று ஆர்எம் கேட்கும். அது ஆர்எம் கட்டளையின் மரியாதைக் கேள்வி மட்டுமே, கெர்னலின் தடை அன்று. ஒய் என்று அடித்தால் கோப்பு போய்விடும். படிக்கக்கூட முடியாத கோப்பு, ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு, ஆனாலும் போய்விடும்.

அழிக்க முடிந்தால் மாற்றவும் முடியும் என்றுதான் பொருள். பழையதை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை வைத்தால் போதும். விம்மில் ஆச்சரியக்குறியோடு சேமித்தாலும், உரை திருத்தும் செட் (எஸ்-இ-டி) -ஐ ஓட்டினாலும் நடப்பது இதே பெயர் மாற்றுதான். ரூட் பெயரில் இருந்த கோப்பு மறுநாள் சாதாரணப் பயனரின் பெயரில் நின்றால், யாரோ சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்தார் என்று தேட வேண்டாம். சாதாரணப் பயனரால் அது முடியவே முடியாது. பெயர் மாற்று நடந்திருக்கிறது. ஸ்டாட் கொடுத்து ஐநோடு எண்ணை (பெயர் எதுவானாலும் வட்டில் கோப்பை அடையாளம் காட்டும் எண்)ப் பழைய பேக்கப்பில் குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

இந்த ஓட்டை உண்மையில் கடிக்கும் இடம், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான். ரூட்டின் கிரானில் /ஆப்ட்/வேலை/பேக்கப்.எஸ்எச் ஓடுகிறது, ஸ்கிரிப்ட் ரூட்டுக்குச் சொந்தம், அனுமதி 755. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் /ஆப்ட்/வேலை கோப்புறை டெவலப்பர் ஒருவரின் பெயரில் இருந்தால், அன்றிரவு 2 மணிக்கு ரூட்டாக ஓடப்போவது அவர் அங்கே வைத்த எந்த ஸ்கிரிப்ட்டாகவும் இருக்கலாம். சரிபார்க்கும் முறை: ரூட்டாக ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதைக்கும் நேம்ஐ -எல். எந்தப் படியிலாவது உரிமையாளர் ரூட் இல்லை என்றாலும், குழுவுக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் அனுமதி இருந்தாலும் அதுதான் ஓட்டை. அந்த ஸ்கிரிப்ட் உள்ளே அழைக்கும் பிற ஸ்கிரிப்ட்டுகள், சோர்ஸ் செய்யும் அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. கூடவே, ஸ்கிரிப்ட்டுக்குள் பிறர் எழுதக்கூடிய கோப்புறையில் நின்றுகொண்டு நட்சத்திரக்குறியோடு டார், சிஎச்ஓன் ஓட்டும் வரி இருந்தால் அதை ./ சேர்த்து எழுதுங்கள். இரட்டைக் கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பை யாராவது அங்கே வைத்தால் கட்டளை அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும்.

பலர் எழுத வேண்டிய பொதுக் கோப்புறை என்றால் ஸ்டிக்கி பிட் வேண்டும்:

சிஎச்மோட் +டி /சர்வ்/பொது

/டெம்ப் கோப்புறையில் இருக்கும் 1777இன் முதல் 1 இதுதான். இதற்குப் பிறகு ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. ஒரு விலக்கு உண்டு: கோப்புறையின் உரிமையாளருக்கு ஸ்டிக்கி பிட் தடையே இல்லை. ஆகவே பொதுக் கோப்புறையை ஒரு பயனரின் பெயரில் உருவாக்காதீர்கள். ரூட்டின் பெயரில் வையுங்கள்.

## அறிகுறி: அனுமதியைக் குறைத்த பிறகும் அவர் படித்துக்கொண்டே இருக்கிறார்

நான்கைந்து காரணங்கள் உண்டு. அதிகம் நடக்கும் வரிசையில் சொல்கிறோம்.

ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறார். அனுமதிச் சோதனை கோப்பைத் திறக்கும் நொடியில் மட்டும்தான். டெயில் -எஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது 600 போட்டாலும் அந்த டெயில் புதிய வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். யார் பிடித்திருக்கிறார் என்று பார்க்க, ரூட்டாக எல்எஸ்ஓஎஃப் என்று கொடுத்துக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அந்தப் புராசஸை நிறுத்தினால்தான் கதவு மூடும்.

குழுவிலிருந்து நீக்கினீர்கள், பழைய லாகின் உயிரோடு இருக்கிறது. குழுப் பட்டியல் லாகின் நேரத்தில் புராசஸில் ஒட்டிக்கொள்வது; பிறகு /இடிசி/குரூப்பை மாற்றினாலும் ஓடும் ஷெல்லுக்குத் தெரியாது. டிமக்ஸ், ஸ்கிரீன் மாதிரி நாள்கணக்கில் ஓடுபவற்றில் இது வாரக்கணக்கில் நீடிக்கும். லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் என்று பயனர் பெயரைக் கொடுத்தால் அவருடைய அமர்வுகள் எல்லாம் முடியும்.

அதோடு நிற்காதீர்கள். குழுவில் இருந்த காலத்தில் அவர் தன் கோப்பு ஒன்றைக் குழுவின் பெயருக்கு மாற்றி அதில் செட்ஜிஐடி பிட்டைப் போட்டு வைத்திருந்தால், அந்த நிரல் இன்றும் குழுவின் உரிமையோடு ஓடும். குழுவிலிருந்து நீக்கும் ஒவ்வொரு முறையும் இதை ஓட்டுவது நல்ல பழக்கம்:

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -குரூப் கணக்கு -பெர்ம் -2000

எக்ஸ்டெவ் இருப்பதால் ஒரே பார்ட்டிஷனோடு நின்றுவிடும். /ஹோம் தனி மவுன்ட் என்றால் அதற்குத் தனியாக ஓட்டுங்கள்.

ஹார்டு லிங்க், அதாவது ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர். அனுமதி ஐநோடில் இருக்கிறது. பெயர்கள் அதைச் சுட்டும் சீட்டுகள். கோப்பைப் பூட்டிய கோப்புறைக்குள் நகர்த்தி, கோப்பின் அனுமதியை 644 ஆகவே விட்டுவிட்டால், முன்பே வேறிடத்தில் போட்ட ஹார்டு லிங்க் வழியாக உள்ளே வரலாம். கோப்பிலேயே 600 போட்டால் எல்லாப் பெயருக்கும் சேர்த்து மூடும். ஸ்டாட் காட்டும் லிங்க் எண்ணிக்கை 1ஐ விட அதிகமா என்று பாருங்கள். ஃபைண்ட் கட்டளையின் -சேம்ஃபைல் மற்றப் பெயர்களைச் சொல்லிவிடும். தனக்குச் சொந்தமில்லாத, தான் படித்து எழுத முடியாத கோப்புக்கு லிங்க் போடுவதைத் தடுக்கும் எஃப்எஸ்.புரொடெக்டட்_ஹார்டுலிங்க்ஸ் 2012இல் கெர்னல் 3.6இல் வந்தது. சிஸ்சிடிஎல்லில் அதன் மதிப்பு 1 என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏசிஎல். எல்எஸ் -எல் வரியில் அனுமதிக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி இருந்தால் அந்த ஒன்பது எழுத்தை நம்பாதீர்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கெட்எஃப்ஏசிஎல் இப்படிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

யூசர்::ஆர்டபிள்யூ-
யூசர்:மாலா:ஆர்டபிள்யூ-    #எஃபெக்டிவ்:ஆர்--
குரூப்::ஆர்--
மாஸ்க்::ஆர்--
அதர்::---

ஏசிஎல் உள்ள கோப்பில் எல்எஸ் காட்டும் நடு மூன்று எழுத்து குழுவின் அனுமதி அன்று, மாஸ்க். பெயர் சொல்லிச் சேர்த்த பயனர்களுக்கும் குழுக்களுக்கும் அதுதான் உச்சவரம்பு. மேலே யாரோ 640 போட்டதால் மாஸ்க் ஆர்-க்குச் சுருங்கி, மாலாவின் எழுதும் உரிமை தூங்குகிறது. தூங்குகிறதே தவிரப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் குழுவுக்கு எழுத வசதியாக 660 போட்டால் மாஸ்க் விரியும், மாலாவின் பழைய வரி எழுந்து உட்காரும். நினைத்த குழுவுக்கோ குரூப் வரி ஆர்-- என்றே இருப்பதால் எழுத முடியாது. வேண்டியவருக்குக் கிடைக்காமல் வேண்டாதவருக்குக் கிடைக்கும் விசித்திரம் இப்படித்தான் வருகிறது. ஏசிஎல் உள்ள கோப்பில் சிஎச்மோட் போடுவதை நிறுத்திவிட்டு செட்எஃப்ஏசிஎல் மட்டும் பயன்படுத்துங்கள். ஒருவரை நீக்க செட்எஃப்ஏசிஎல் -எக்ஸ் யூ:மாலா. மொத்தமாகத் துடைக்க -பி.

கடைசியாக, அனுமதியே தேவைப்படாத குழுக்கள். டாக்கர் குழுவில் இருப்பவர் வேர் கோப்புறையைக் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து ரூட்டாகப் படிக்கலாம். அந்தக் குழுவில் சேர்ப்பது பாஸ்வேர்டு கேட்காத சூடோ கொடுப்பதற்குச் சமம். டிஸ்க் குழு வட்டையே நேரடியாகப் படிக்கும். எல்எக்ஸ்டி குழுவும் டாக்கர் ஜாதிதான். இதோடு கெட்கேப் -ஆர் / ஓட்டி, சிஏபி_டிஏசி_ஓவர்ரைடு, சிஏபி_டிஏசி_ரீட்_சர்ச் என்ற, அனுமதிச் சோதனையைத் தாண்ட விடும் இரண்டு கேப்பபிலிட்டியும் (நிரலுக்கு ஒட்டும் தனி அதிகாரம்) எந்த நிரலிலாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் நிரலுக்கு வசதியாக ஒட்டிவிட்டு மறந்துபோன கதைதான் பெரும்பாலும்.

## அறிகுறி: குழுவில் சேர்த்தாயிற்று, இன்னும் 'பெர்மிஷன் டினைட்'

அவருடைய ஷெல்லில் வெறும் ஐடி ஒரு பட்டியலும், ஐடி மாலா வேறொரு பட்டியலும் காட்டினால், வெளியேறி மீண்டும் லாகின் செய்யச் சொல்லுங்கள். அவசரத்துக்கு நியூஜிஆர்பி கணக்கு என்று கொடுத்தால் அந்த ஷெல்லில் மட்டும் வந்துவிடும்.

இரண்டு பட்டியலும் ஒன்றுதான், ஆனால் பழைய குழுக்களைக் காணோம் என்றால், சேர்த்தவர் யூசர்மாட் -ஜி (பெரிய எழுத்து) மட்டும் கொடுத்திருக்கிறார். அது சேர்க்காது, பட்டியலையே மாற்றி எழுதும். -ஏ சேர்த்து -ஏஜி என்று கொடுக்க வேண்டும். சூடோ குழுவிலிருந்து தன்னைத்தானே இப்படி வெளியேற்றிக்கொண்ட அட்மின்கள் நிறைய.

குழு சரி, கோப்பு சரி, ஆனாலும் மறுப்பு என்றால் நேம்ஐ -எல் பாருங்கள். நடுவில் ஏதோ ஒரு கோப்புறை 700 ஆக இருக்கும். அதற்கு 755 போட்டுவிடாதீர்கள். கடந்து போக மட்டும் வழி வேண்டும் என்றால் செட்எஃப்ஏசிஎல் -எம் ஜி:கணக்கு:எக்ஸ் போதும்.

என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்புறை) மட்டும் மறுப்பு வந்தால் அவர் எத்தனை குழுவில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். வழக்கமான ஏயூடிஎச்_சிஸ் முறையில் 16 குழுக்கள்தான் வயரில் போகும். பதினேழாவது குழு சர்வருக்குத் தெரியாது. சர்வரில் ஆர்பிசி.மவுன்ட்டிக்கு --மேனேஜ்-ஜிட்ஸ் கொடுத்தால் குழுப் பட்டியலைச் சர்வரே பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி: பொதுக் கோப்புறையில் ஒருவர் வைத்ததை மற்றவர் திருத்த முடியவில்லை

இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து 777 போடுகிறார்கள். தேவை இரண்டு: புதிய கோப்பு குழுவின் பெயரில் பிறக்க வேண்டும், பிறக்கும்போதே குழுவுக்கு எழுதும் அனுமதி இருக்க வேண்டும். முதலாவது செட்ஜிஐடி, இரண்டாவது இயல்புநிலை ஏசிஎல்.

சிஎச்ஜிஆர்பி -ஆர் கணக்கு /சர்வ்/கணக்கு (ஆர் பெரிய எழுத்து)
ஃபைண்ட் /சர்வ்/கணக்கு -டைப் டி -எக்ஸெக் சிஎச்மோட் 2770 {} +
செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் ஜி:கணக்கு:ஆர்டபிள்யூஎக்ஸ் /சர்வ்/கணக்கு (ஆப்ஷனில் ஆர், அனுமதியில் எக்ஸ் இரண்டும் பெரிய எழுத்து)
செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி:கணக்கு:ஆர்டபிள்யூஎக்ஸ் /சர்வ்/கணக்கு (அதே போல)

பெரிய எக்ஸ் கோப்புறைகளுக்கும், ஏற்கெனவே இயக்கும் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் இயக்கும் அனுமதி தரும். சிறிய எக்ஸ் போட்டால் சிஎஸ்வி கோப்பெல்லாம் நிரலாகிவிடும். இயல்புநிலை ஏசிஎல் இருக்கும் கோப்புறையில் யூமாஸ்க் (புதிய கோப்பின் அனுமதியில் எதைக் கழிப்பது என்ற அமைப்பு) செல்லாது, அதனால் ஒவ்வொருவரின் யூமாஸ்க்கையும் 002 ஆக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

இதையும் மீறித் தப்பும் வழி ஒன்று: எம்வி. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நகர்த்தும்போது ஐநோடு மாறுவதில்லை, அதனால் பழைய குழு, பழைய அனுமதி, பழைய ஏசிஎல் எல்லாம் அப்படியே வரும். சிபி புதிதாக உருவாக்குவதால் கோப்புறையின் குழுவும் ஏசிஎல்லும் வரும், ஆனால் மூலக் கோப்பில் குழுவுக்கு எழுதும் அனுமதி இல்லையென்றால் மாஸ்க் சுருங்கியே வரும். சிபி -பி பழையதைப் பிடித்துக்கொள்ளும். யாராவது "நான் வைத்தால் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியவில்லை" என்றால், முதல் கேள்வி: நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?

இன்னொரு சின்ன வில்லங்கம். க்னூ சிஎச்மோட்டில் கோப்புறைக்கு வெறும் 755 கொடுத்தால் செட்ஜிஐடி பிட் போகாது. எடுக்க வேண்டுமென்றால் ஜி-எஸ், அல்லது முன்னால் இரண்டு பூஜ்யம் வைத்து 00755.

## அறிகுறி: ரூட்டுக்கே மறுக்கிறது

செய்தியைச் சரியாகப் படித்தாலே பாதி முடிந்தது. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் எல்எஸ்அட்ர் ஓட்டுங்கள். ஐ இருந்தால் மாற்றவே முடியாத கோப்பு, ஏ இருந்தால் பின்னால் சேர்க்க மட்டும் முடியும். சிஎச்அட்ர் -ஐ நீக்கிவிடும். நீக்குவதற்கு முன் யார் போட்டார் என்று கேளுங்கள். /இடிசி/பாஸ்வேர்டிலோ ரூட்டின் ஆதரைஸ்டு_கீஸிலோ நீங்கள் போடாத ஐ நின்றால், அதைச் சாதாரணச் சிக்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊடுருவியவர்கள் தங்கள் சாவியை யாரும் அழிக்காமலிருக்கச் செய்யும் வேலை அது.

'பெர்மிஷன் டினைட்' என்றால்: என்எஃப்எஸ் மவுன்ட்டாக இருந்தால் ரூட்_ஸ்குவாஷ், உங்கள் ரூட் அங்கே 65534 எண்ணுள்ள அநாமதேயர். செலினக்ஸ் (கோப்புக்கு லேபிள் ஒட்டிக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு) உள்ள இயந்திரம் என்றால் எல்எஸ் -இசட் (பெரிய எழுத்து) பார்த்து ரீஸ்டோர்கான் -ஆர்வி. வீட்டுக் கோப்புறையிலிருந்து /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கீழே எம்வி செய்த கோப்பு பழைய லேபிளோடு வந்திருக்கும், வெப் சர்வர் படிக்காது. இங்கேயும் எம்விதான்.

சூடோ எக்கோ என்று எழுதி > குறியோடு /இடிசி கோப்பில் தள்ளுவது மறுக்கப்பட்டால், அந்தக் குறியைத் திறப்பது ரூட் அன்று, உங்கள் ஷெல். எக்கோவை பைப் வழியாக சூடோ டீக்குக் கொடுங்கள்.

இன்னொன்று பலரைக் குழப்பும். /டெம்ப்பில் வேறொரு பயனர் உருவாக்கிய கோப்பில் ரூட் எழுதப்போனால் மறுப்பு. காரணம் எஃப்எஸ்.புரொடெக்டட்_ரெகுலர், 2018இல் கெர்னல் 4.19இல் வந்த காவல். ரூட் எழுதப்போகும் பெயரில் யாரோ முன்கூட்டியே கோப்பை வைத்துக் காத்திருக்கும் பழைய தந்திரத்தை அது அடைக்கிறது. அதை 0 ஆக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். ஸ்கிரிப்ட்டைத் திருத்தி எம்கேடெம்ப் மூலம் புதுப் பெயர் வாங்கச் செய்யுங்கள்.

## அறிகுறி: ரகசியக் கோப்பு, ஆனால் எல்லாரும் படிக்கிறார்கள்

டேட்டாபேஸ் டம்ப்தான் வழக்கமான குற்றவாளி. கிரானில் யூமாஸ்க் 022, டம்ப் 644 ஆகப் பிறக்கிறது, அடுத்த வரியில் சிஎச்மோட் 600. நாற்பது நிமிடம் ஓடும் டம்ப் என்றால் நாற்பது நிமிடமும் திறந்திருக்கும். அதற்குள் திறந்தவர் கையில் கோப்பு இருந்துகொண்டே இருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் யூமாஸ்க் 077 போடுங்கள், பின்னால் சிஎச்மோட்டே தேவையில்லை.

அடுத்தது வீட்டுக் கோப்புறைகள். உபுண்டு 21.04க்கு முன் புதுப் பயனரின் வீடு 755 ஆகத்தான் பிறந்தது, அதன்பின் 750. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த சர்வரில் பழைய வீடுகள் இன்றும் 755தான். வெப் சர்வருக்காக 711 போட்ட வீடும் ரகசியமில்லை: பட்டியல் தெரியாதே தவிர, பெயர் தெரிந்தால் திறக்கும். டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி எங்கே இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.

கட்டளை வரியில் பாஸ்வேர்டு கொடுத்தால் பிஎஸ் ஓட்டும் எல்லாருக்கும் தெரிய வாய்ப்புண்டு. மைசீக்வல் என்றால் 600 அனுமதியுள்ள .மை.சிஎன்எஃப் கோப்பில் வையுங்கள்.

## அறிகுறி: தெரியாத செட்யூஐடி நிரல் நிற்கிறது

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -பெர்ம் /6000 -எல்எஸ்

செட்யூஐடி என்பது யார் ஓட்டினாலும் நிரலை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓட வைக்கும் பிட். டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது, 1979இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இன்றும் பாஸ்வேர்டு மாற்றுவது அதில்தான் ஓடுகிறது. பட்டியலில் வரும் ஒவ்வொன்றுக்கும் டிபிகேஜி -எஸ் (பெரிய எழுத்து) அல்லது ஆர்பிஎம் -கியூஎஃப் கொடுங்கள். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லாதது, முக்கியமாக /ஹோம், /டெம்ப், /வார்/டெம்ப் கீழே இருப்பது, சந்தேகத்துக்குரியது. அழிக்காமல் முதலில் நகலெடுத்து வையுங்கள். அந்த மூன்று இடங்களும் தனி மவுன்ட் என்றால், அந்தப் பிட்டைச் செல்லாமல் ஆக்கும் நோசுயிட் போட்டுவிடலாம்.

பேக்கேஜுடையது என்பதாலேயே பாதுகாப்பு என்றும் இல்லை. வேறு பயனராக நிரலை ஓட்டும் போல்கிட்டின் பிகேஎக்ஸெக்கில் 2009இலிருந்தே இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. திருத்தத்தை நிறுவும்வரை அப்போது சொன்ன தற்காலிகத் தீர்வு, சிஎச்மோட் 0755 போட்டு அந்தப் பிட்டை எடுப்பதே. டெபியன், உபுண்டுவில் பிட்டை நிரந்தரமாக எடுக்க டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த மேம்படுத்தலில் அது திரும்ப வந்துவிடும்.

## அறிகுறி: நேற்றுச் சேர்ந்தவர் பெயரில் மூன்று வருடப் பழைய கோப்புகள்

வட்டில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். விலகியவரை நீக்கியதும் அவருடைய எண் காலியாகி, புதியவருக்குப் போய்விட்டது. அவர் விட்டுப்போனதெல்லாம் இவருக்கு. பயனரை நீக்கியவுடன் ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர் ஓட்டிச் சொந்தக்காரரை மாற்றுங்கள். கணக்கை நீக்காமல் பூட்டி மட்டும் வைத்தால் எண் மறுபடி போகாது, எங்கள் பரிந்துரை அதுதான்.

## அறிகுறி: யாரோ 777ஐ மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிட்டார்

வீட்டுக் கோப்புறையில் என்றால் எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யாது. வீட்டில் பிறர் எழுத முடிந்தால் எஸ்எஸ்எச்டி ஆதரைஸ்டு_கீஸை நம்ப மறுக்கும். வீடு 750, .எஸ்எஸ்எச் 700, உள்ளே உள்ளவை 600.

/யூஎஸ்ஆர் மேல் என்றால் நிலைமை வேறு. 777 போட்டதுமே கோப்புகளின் செட்யூஐடி பிட் அழிந்துவிடும். சூடோ, எஸ்யூ இரண்டும் செத்துவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் ரூட் ஷெல் ஒன்று இருந்தால் அதை மூடவே மூடாதீர்கள். இல்லையென்றால் மீட்பு முறையில் பூட் செய்ய வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தில் ஆர்பிஎம் --செட்யூஜிட்ஸ் -ஏ முதலில், பிறகு ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் -ஏ. வரிசை மாறினால் உரிமையாளரை மாற்றும்போது செட்யூஐடி மறுபடி போய்விடும். டெபியனில் இதற்கு இணையான கட்டளை இல்லை, பேக்கேஜுகளை மறுநிறுவல் செய்யத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் எல்லாருக்கும் திறந்திருந்தது என்பதைப் பொறுத்து, பாஸ்வேர்டு ஹேஷ்கள் இருக்கும் /இடிசி/ஷேடோவும் இதில் சிக்கியிருந்தால் எல்லாருடைய பாஸ்வேர்டையும், சர்வரின் எஸ்எஸ்எச் சாவிகளையும் மாற்ற வேண்டிவரும். ஷேடோவின் இயல்பு அனுமதி டெபியனில் 640, குழு ஷேடோ. ரெட் ஹேட்டில் 000.

பெரிய மாற்றம் எதையும் ஓட்டுவதற்கு முன் இது ஒரு நிமிட வேலை:

சிடி /
கெட்எஃப்ஏசிஎல் -ஆர் சர்வ் > /ரூட்/அனுமதி.ஏசிஎல் (ஆர் பெரிய எழுத்து)

திரும்பப் பெற, அதே / இடத்தில் ரூட்டாக நின்றுகொண்டு செட்எஃப்ஏசிஎல் --ரீஸ்டோர்=/ரூட்/அனுமதி.ஏசிஎல். உரிமையாளர், குழு, செட்ஜிஐடி, ஸ்டிக்கி எல்லாம் திரும்பும். கேப்பபிலிட்டிகள் இதில் வராது. கெட்கேப் -ஆர் வெளியீட்டைத் தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள்.